ஒத்தி வீடு: வாடகையா, வட்டியா?

சென்ற ஆண்டு காரைக்குடியிலிருந்து நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கழனிவாசல் பக்கம் நான்கு குடித்தனங்கள் கொண்ட வரிசை வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. விலை 48 இலட்சம். அவர் கையில் இருந்ததோ 24 இலட்சம். வட்டிக்குக் கடன் வாங்க அவர் மனம் இடம் தரவில்லை. ஆகவே வேறொரு வழி வகுத்திருந்தார். இரண்டு குடித்தனங்களைத் தலைக்கு 7 இலட்சம் வீதம் ஒத்திக்கு விடுவது. அந்த 14 இலட்சத்தைக் கிரயத்தன்று விற்பவரிடம் சேர்ப்பது. எஞ்சிய 10 இலட்சத்துக்கு ஓராண்டு தவணை கேட்பது. ஒத்திக்கு வருவோரையும் பேசி வைத்துவிட்டார்.

"வீட்டுக்கு வாடகை இல்லை; பணத்துக்கு வட்டி இல்லை. இதில் ரிபா எங்கே வந்தது?" என்று கேட்டார்.

ஒத்தி நம் நாட்டில் புதியதன்று. பெருந்தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, வெளியேறும்போது கொடுத்த தொகையைக் குறையாமல் வாங்கிக்கொள்வது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதைச் சுவாதீன அடமானம் என்ற வகையில் சேர்க்கிறது. ஆக, சட்டத்தின் கண்ணில் வீட்டுக்காரர் கடனாளி. குடியிருப்பவர் கடன் கொடுத்தவர். பெயரை மாற்றிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அதே தெருவில் அதே அளவு வீட்டுக்கு வாடகை 7,000 ரூபாய். 7 இலட்சத்துக்கு மாதம் 7,000 என்றால் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. தரகர்கள் ஒத்தித் தொகையை நிர்ணயிப்பதே இந்தக் கணக்கை வைத்துத்தான். எழுதாமல் விட்டதனால் வட்டி இல்லாமல் போய்விடுமா?

ஃபிக்ஹு அறிஞர்கள் இந்த இடத்தில் நீண்ட காலம் நின்று யோசித்திருக்கிறார்கள். அடமானப் பொருளின் பயன் அதன் சொந்தக்காரருக்கே உரியது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஹனஃபி அறிஞர்களில் சிலர், சொந்தக்காரர் மனமுவந்து அனுமதித்தால் கடன் கொடுத்தவர் பயன்படுத்தலாம் என்றனர். 1836இல் மறைந்த டமாஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன் அந்த அனுமதியைக் கூர்ந்து நோக்குகிறார். பயன் கிடைக்கும் என்றுதானே பணமே கைமாறுகிறது? வழக்கமாகிவிட்டது எதுவோ அது நிபந்தனை இட்டதற்கு ஒப்பாகும் என்பது அவர் எடுத்துக்காட்டும் வாதம். மறுபக்கம் புகாரா மக்களின் அனுபவமும் உண்டு. அங்கே கடன் பெருகி மக்கள் திணறியபோது, பணத்தைத் திருப்பித் தந்தால் வீட்டைத் திருப்பித் தருவேன் என்ற நிபந்தனையோடு விற்கும் 'பைஉல் வஃபா' என்னும் முறை எழுந்தது. தேவை கருதிப் பல அறிஞர்கள் அதை ஏற்றனர். 1869 முதல் 1876 வரை உதுமானிய அரசு தொகுத்த 'மஜல்லா' சட்டநூலிலும் அதற்கு இடம் கிடைத்தது. சந்து பொந்து தேடுகிறவர் அதைப் பிடித்துக்கொள்வார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. நண்பருக்குப் புகாரா மக்களின் நெருக்கடி எதுவும் இல்லை. நான்காவது சொத்து வாங்க வந்தவர் அவர்.

ஆனால் என் மனத்தை அதிகம் அலைக்கழித்தது வேறொன்று. வட்டி என்றவுடன் நம் கண்முன் வருபவர் பலம் மிக்க கடன்காரரும் பலமற்ற கடனாளியும். செட்டிநாட்டில் அந்தச் சித்திரம் இன்னும் அழுத்தமாகவே தோன்றும். பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கும் மாளிகைகள் பலவற்றை எழுப்பியது கொடுக்கல் வாங்கல் தொழிலே. அங்கேயும் கதை ஒரே நிறமுடையதன்று. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு. 1937இல் 25 பங்கு. நெல் விலை வீழ்ந்ததும் திரும்பி வராத கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்தது. அந்நிலம் அவர்கள் மேல் பகையையும் கொண்டுவந்தது. 1942இல் ஜப்பானியப் படை புகுந்தபோது பெரும்பாலோர் விட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

ஒத்தியிலோ சித்திரம் தலைகீழ். கடனாளி வீட்டுக்காரர். கடன் கொடுத்தவர் ஒரு செவிலியர், ஒரு கடைச் சிப்பந்தி, ஓய்வுபெற்ற ஆசிரியர். அவர்களுடைய வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்த 7 இலட்சத்தில் அடங்கிவிடுகிறது. 100 ரூபாய்க்கு மேற்பட்ட இத்தகைய அடமானம் இரு சாட்சிகளோடு எழுதிப் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது சட்டம். பதிவுக்குச் செலவு உண்டு என்பதால் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதே பெருவழக்கு. பதியாத ஒத்தி வில்லங்கச் சான்றில் ஏறாது. வீட்டுக்காரர் நொடித்தாலும் இறந்தாலும் குடியிருப்பவர் தெருவில் நிற்க நேரும்.

தென் கொரியாவில் இதே முறைக்கு 'ஜொன்சே' என்று பெயர். வீட்டின் விலையில் பாதிக்கும் மேலான தொகையைக்கூட முன்கூட்டியே கொடுத்துவிட்டு வாடகையின்றிக் குடியிருப்பார்கள். குடியிருப்போர் பணத்தைக் கொண்டே அடுத்தடுத்து வீடுகளை வாங்கிக் குவித்தவர்கள் அங்கே பலர். 2022இல் வட்டி விகிதம் ஏறி வீட்டு விலை இறங்கியது. நூற்றுக்கணக்கான வீடுகளைச் சேர்த்திருந்தவர்களால் ஒருவர் பணத்தையும் திருப்பித் தர இயலவில்லை. 2023இல் இஞ்சியோன் நகரில் இளைஞர் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். பாதிக்கப்பட்டோருக்கென அவ்வாண்டின் நடுப்பகுதியில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

நண்பரின் திட்டமும் அளவில் சிறியதே தவிர, அமைப்பில் அதுதான். "ஒத்திக்கு வருகிறவர்களிடம், அவர்கள் பணம் கிரயத் தொகையாகப் போய்விடும், அவர்கள் வெளியேறும் நாளில் உங்கள் கையில் ரொக்கம் இராது என்று சொன்னீர்களா?" என்று கேட்டேன். "அடுத்த ஆளிடம் ஒத்தி வாங்கி இவர்களுக்குக் கொடுப்பேன், ஊரில் எல்லாரும் செய்வதுதானே?" என்றார். அடுத்த ஆள் வராவிட்டால் என்பதற்கு அவரிடம் விடை இல்லை. நட்டத்துக்கு அஞ்சாமல் இலாபத்தைக் கையில் பிடிப்பதுதான் ரிபாவின் வேர் என்றால், இங்கே வாடகையை மிச்சப்படுத்தும் செவிலியரைக் காட்டிலும் அவருடைய பணத்தில் சொத்துச் சேர்க்கும் என் நண்பரே அந்த வேருக்கு அருகில் நிற்கிறார். மத்ஹபு நூல்கள் செவிலியரைத்தான் குற்றம் சொல்லும் என்பதை அறிவேன். என் மனம் அதோடு அமையவில்லை.

பின் என்ன செய்வது? பாதியை மட்டும் இப்போது வாங்குங்கள் என்றேன். பிரிபடாத பாதிப் பங்குக்கு 24 இலட்சத்தில் கிரயம். வரும் வாடகையில் பாதி உமக்கு, பாதி விற்பவருக்கு. கையில் பணம் சேரச் சேர மீதிப் பங்கை அன்றைய விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். வீடு இடிந்தால் இருவர்க்கும் இழப்பு, விலை ஏறினால் இருவர்க்கும் ஆதாயம். விற்பவர் ஓர் ஆச்சி, கணவரை இழந்தவர், மாத வருமானம் நின்றுபோகாது என்பதால் இதற்கு உடனே இசைந்தார். நண்பருக்குத்தான் தயக்கம். மீதிப் பங்கின் விலையை இன்றே எழுதி முடித்துவிட வேண்டும் என்றார். விலையை இன்றே பூட்டிவிட்டால் அது பங்காளித்தனமா, பங்காளி வேடமிட்ட கடனா என்று கேட்டேன். அவ்வளவில் விட்டோம்.

பத்திரம் எழுதுமுன் நான்கு கதவுகளையும் தட்டிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தேன். சொத்தில் குடியிருப்பவரின் உரிமை வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்பது சட்டம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது என்ற சமாதானம் செல்லாது. மூன்று வீடுகளில் வாடகைக் குடிகள். நான்காவதில் இருந்த முதியவர் பழைய 20 ரூபாய் முத்திரைத்தாள் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தார். ஆச்சியின் கணவர் 3 இலட்சம் ஒத்தி வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டிருந்தார். ஆச்சிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இறந்தவரின் கடன் தீர்ந்த பிறகே வாரிசுக்குச் சொத்து. நம் ஷரீஅத்தும் நாட்டுச் சட்டமும் ஒன்றுபடும் இடம் இது. அந்த 3 இலட்சத்தை விலையில் கழிக்க வேண்டும் என்றார் நண்பர். பணம் தம் கைக்கு வரவில்லை என்றார் ஆச்சி. முதியவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஆச்சி, "அவுக கையெழுத்துத்தான் இது, கழிச்சுக்குங்க" என்றார். முதியவரிடம் பணத்தை எண்ணிக் கொடுத்த பிறகே பதிவு நடந்தது. அவர் இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறார், 6,000 ரூபாய் வாடகைக்கு.