இரக்கமும் எள்ளலும்: சாய் பராஞ்ச்பேயின் திரைப்பணி எழுப்பும் அறவினா

முன்னுரை

ஒருவரைக் கண்டு இரங்குவதும் ஒருவரைக் கண்டு நகைப்பதும் எதிரெதிர் உணர்வுகள் என்பது பொதுக்கருத்து. இரக்கம் நற்பண்பின் பாற்பட்டதாகவும், பிறரைக் கண்டு நகைத்தல் சிறுமையின் பாற்பட்டதாகவும் கருதப்பெறுகின்றன. ஆயின் இவ்விரண்டிற்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரங்குவோரும் நகைப்போரும் தம்மை மேலாகவும் எதிரிலிருப்பவரைக் கீழாகவும் வைத்துக் காண இடமிருக்கிறது. பிறர் வாழ்வைக் காட்டுதலையே தொழிலாகக் கொண்ட திரைக்கலைஞருக்கு இவ்விடர் அன்றாடம் நேர்வதாகும். ஆவணப்படம் எடுப்போர் இரக்கத்தாலும், நகைச்சுவைப்படம் எடுப்போர் எள்ளலாலும் வழுவ வாய்ப்பு மிகுதி. இவ்விரு துறைகளிலும் பணியாற்றிய எழுத்தாளரும் இயக்குநருமான சாய் பராஞ்ச்பேயின் படைப்புகளை முன்வைத்து, பிறரைக் காட்டும் கலைக்குரிய அறம் யாது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மெய்ப்பாட்டியல் தரும் கருவி

தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாகவும் அழுகையை இரண்டாவதாகவும் வைத்துள்ளார். நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளல் ஒன்று. அழுகை பிறக்கும் நான்கனுள் வறுமை ஒன்று. இவற்றிற்குப் பேராசிரியர் தரும் விளக்கம் ஈண்டுப் பெரிதும் பயன்படுகிறது. எள்ளல், தான் பிறரை எள்ளியவழி நகுதலும் பிறர் தன்னை எள்ளியவழித் தான் நகுதலும் என இருதிறப்படும் என்பது அவர் கருத்து. அழுகையும் தானே அவலித்தல், பிறர் அவலம் கண்டு அவலித்தல் என இருவகைப்படும் என்றும், இவற்றுள் ஒன்றனைக் கருணை எனப் பிரித்துச் சுவையை ஒன்பதாக எண்ணுதலும் உண்டு என்றும் அவர் சுட்டுகிறார்.

இவ்விளக்கத்தினின்று ஒரு வேறுபாட்டை வருவிக்கலாம். எள்ளலில் எள்ளுபவரும் எள்ளப்படுபவரும் இடம் மாறிக்கொள்ள வழியுண்டு. கருணையிலோ பெரும்பாலும் அவ்வழி அடைபட்டுள்ளது. பிறர் அவலம் கண்டு அவலிப்பவர், அவரும் தம்மைக் கண்டுகொண்டிருக்கிறார் என்பதை எளிதில் எண்ணுவதில்லை. பேராசிரியர் இவ்வளவும் கூறினாரல்லர். அவர் உரை இவ்வெண்ணத்திற்கு இடந்தருகிறது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது. பராஞ்ச்பேயின் படங்களை இவ்வேறுபாட்டின் வழியே அணுகும்போது, தொடர்பற்றனபோல் தோன்றும் அவருடைய பணிகளுக்கிடையே ஓர் இழை புலப்படுகிறது.

பணியின் பரப்பு

1938இல் பிறந்த சாய் பராஞ்ச்பே, 1963இல் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் பயிற்சியை நிறைவு செய்தார். புனே வானொலியிலும் பின்னர் டெல்லி தூர்தர்ஷனிலும் பணியாற்றினார். சிறுவர் நாடகங்கள், மராத்தி நாடகங்கள், தொலைக்காட்சி நாடகங்கள், குழந்தைகள் திரைப்படக் கழகத்திற்கான படங்கள் எனத் தொடர்ந்த அவர் பணி, 'ஸ்பர்ஷ்' (1980), 'சஷ்மே பத்தூர்' (1981), 'கதா' (1983), 'திஷா' (1990) முதலிய கதைப்படங்களாக விரிந்தது. இவற்றோடு பாடகர் பங்கஜ் மல்லிக், வாரணா இசைக்குழு ஆகியோரைப் பற்றிய ஆவணப்படங்களையும், சமூகச் சிக்கல்களைப் பற்றிய குறும்படங்களையும் அவர் உருவாக்கியுள்ளார். 2006இல் இந்திய அரசின் பத்ம பூஷண் விருது அவருக்கு வழங்கப்பெற்றது. இவ்வகை வேறுபாட்டைத் திறமையின் பன்முகம் என்று பாராட்டி அமைதல் எளிது. அவை அனைத்தும் ஒரே அறச்சிக்கலுக்கு வெவ்வேறு இடங்களில் தேடிய விடைகள் எனக் கொள்வதே பொருத்தமுடையதாகும்.

இரக்கத்தை மறுத்தல்

'ஸ்பர்ஷ்' படத்தின் நாயகன் அநிருத்தன் பார்வையற்றோர் பள்ளியொன்றின் முதல்வன், தானும் பார்வையற்றவன். பார்வையற்றோர்க்கு உதவி தேவை, இரக்கம் வேண்டா என்பது அவன் கொள்கை. அவன் அலுவலறையில் காப்பி கொடுக்கும்போது கவிதா என்னும் பெண் தானாக முன்வந்து உதவ முற்படுகிறாள். அவன் சினம் கொள்கிறான். இதனை வெறும் முன்கோபம் எனத் தள்ளவியலாது. விருந்தோம்புபவனின் இடத்தை அவனிடமிருந்து அவள் அறியாமலே பறித்துவிடுகிறாள். கொடுப்பவனாக இருக்கும் உரிமையை ஒருவனிடமிருந்து நீக்குவதே இரக்கம் செய்யும் ஊறு என்பதை இக்காட்சி புலப்படுத்துகிறது.

எனினும் இயக்குநர் அநிருத்தன் பக்கமே முழுமையாகச் சாய்ந்துவிடவில்லை. கவிதா கணவனை இழந்தவள். உலகின் இரக்கத்திற்கு அவளும் இலக்கானவளே. அவள் பள்ளிக்கு வந்து மாணவர்களுடன் பழகுவதால் பெறுவது, அவள் தருவதினும் குறைந்ததன்று. அவள் தன்னை மணக்க விரும்புவது தியாக உணர்வாலோ என ஐயுற்று அநிருத்தன் விலகும்போது, அவள் தேவையை அவனால் காண இயலவில்லை. இரக்கத்திற்கு அஞ்சுபவனும் பிறரைக் காணத் தவறக்கூடும் என்பது இப்படம் சேர்க்கும் நுண்மையாகும்.

இப்படம் பெரும்பகுதி டெல்லியிலுள்ள பார்வையற்றோர் நலச்சங்கத்தின் பள்ளியில் படமாக்கப்பட்டது. அப்பள்ளி மாணவர்களும் அதில் இடம்பெற்றனர். நடிகர் படம் முடிந்ததும் தம் பாத்திரத்தைக் களைந்துவிடலாம். அம்மாணவர்க்கு அது இயலாது. கதைப்படத்துள் இவ்வாறு ஆவணப்படத்தின் கடன் புகுந்துவிடுகிறது: காட்டப்படுவோர் காட்டிய பின்னரும் வாழவேண்டியவர் என்னும் பொறுப்பு. மாணவர்களின் விளையாட்டும் குறும்பும் படத்தில் இடம்பெறுவது இப்பொறுப்பின் விளைவே எனலாம். நகைக்கத் தெரிந்தவர்களாகக் காட்டப்படும் சிறுவர்களைக் கண்டு இரங்குவது காண்போர்க்கு எளிதன்று.

எள்ளலைத் திருப்புதல்

'சஷ்மே பத்தூர்' டெல்லியில் ஒரே அறையில் வாழும் மூன்று இளைஞரின் கதை. அவருள் ஓமி, ஜோமோ இருவரும் நேஹா என்னும் பெண்ணைத் தனித்தனியே நாடிச்சென்று இழிவுபட்டுத் திரும்புகின்றனர். அறைக்கு வந்தபின் தாம் அவள் காதலைப் பெற்றுவிட்டதாகக் கதை புனைகின்றனர். அப்புனைவுகள் இந்தித் திரைப்படக் காதற்பாடல்களின் பகடியாகவே திரையில் விரிகின்றன. நிகழ்ந்தது எது, கூறப்பட்டது எது என இரண்டையும் காண்போர் அறிவர். ஆகவே இங்கு எள்ளப்படுவது அவ்விளைஞர்களின் தோல்வி மட்டுமன்று. பெண்ணைப் பெறுபொருளாகக் காணக் கற்பித்த திரைப்படமும், அதனைக் கைதட்டி ஏற்ற காண்போரும் எள்ளப்படுகின்றனர். பிறரை எள்ளத் தொடங்கிய அவை தன்னையே எள்ளி நகும் நிலைக்கு வருகிறது.

'கதா' இதனினும் கடுமையானது. முயல் ஆமைக் கதையை மும்பைக் குடியிருப்பு ஒன்றில் வைத்துக் கூறும் இப்படத்தில், இராஜாராம் நேர்மையான எழுத்தர். பாஷு நாவன்மையால் வாழும் ஏமாற்றுக்காரன். பாஷுவின் தந்திரங்களைக் கண்டு குடியிருப்போர் மயங்குவதுபோல் காண்போரும் மகிழ்கின்றனர். இராஜாராமின் தயக்கம் நகைப்பிற்கிடமாகிறது. பின்னர்ப் பாஷு சந்தியா என்னும் பெண்ணை வஞ்சித்து, தண்டனை ஏதுமின்றித் தப்பிச்செல்கிறான். அவ்வேளையில் காண்போர் தாம் இதுவரை யார் பக்கம் நின்று நகைத்தோம் என எண்ண நேர்கிறது. நல்லோனை எள்ளிய நகைக்கு விலை கொடுத்தவள் சந்தியா. நீதிக்கதையில் வெல்லும் ஆமை வாழ்க்கையில் எவ்வாறு வெல்கிறது என்பதற்குப் படம் எளிய விடை தரவில்லை.

இருவகைத் தடை

இக்கருத்திற்கு இரண்டு தடைகள் எழலாம். முதலாவது, நகைச்சுவை தீங்கை மென்மையாக்கிவிடும் என்பது. 'சஷ்மே பத்தூரில்' நண்பர் இருவரும் நேஹாவைப் பற்றிப் பொய் பரப்பிக் காதலரைப் பிரிக்கின்றனர். இறுதியில் அவர்கள் எளிதில் மன்னிக்கப்பெறுகின்றனர். பழி சுமந்தவள் நேஹா. நட்பு மீண்டதற்காக மகிழ்பவர் பிறர். தடை வலிமையுடையதே. இப்படம் எள்ளலைக் காண்போர் மேல் திருப்பியதேயன்றி, எள்ளப்பட்ட பெண்ணுக்குத் தன் சினத்தைக் கூற இடமளிக்கவில்லை.

இரண்டாவது, நோக்கத்திற்காக எடுக்கப்பெறும் படங்களில் மனிதர் கருவியாகிவிடுவர் என்பது. மகாராஷ்டிரச் சிற்றூர்ப் பெண்களின் மதுவெதிர்ப்பைப் பொருளாகக் கொண்டு பிலிம்ஸ் டிவிஷனுக்காக அவர் எடுத்த 'சூடியான்', சமூகச் சிக்கல் குறித்த படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. ஊசிவழிப் போதைக்கு ஆட்பட்டோரைப் பற்றிய 'சுயீ' 2009இல் உலக எய்ட்ஸ் நாளன்று தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. அறிவுறுத்தலே நோக்கமாயின் மனிதர் எடுத்துக்காட்டாகச் சுருங்கும் இடர் உண்டு. ஆயினும் 'சூடியான்' தேர்ந்த பொருள் குடியால் துன்புறும் பெண்களின் கண்ணீர் அன்று. அவர்கள் கூடி எதிர்த்த செயல். யாரைக் காட்டுவது என்பதைப்போல, அவர் என்ன செய்யும் நேரத்தில் காட்டுவது என்பதும் அறத்தேர்வே ஆகும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் இரக்கமோ எள்ளலோ தன்னளவில் அறமும் அன்று, அறக்கேடும் அன்று என்பது பெறப்படும். காட்டப்படுபவர் மீண்டும் நம்மைக் காண இடமிருக்கிறதா என்பதே அவற்றை அளக்கும் கோல். இரங்கப்படுபவருக்குக் கொடுக்கும் உரிமையும், எள்ளுபவருக்குத் தம்மை எள்ளும் கடமையும் உண்டு. 'ஸ்பர்ஷ்' முன்னதனையும், 'கதா' பின்னதனையும் நிறைவேற்றுகின்றன. நேஹாவின் சினம் கூறப்படாத இடத்தில் 'சஷ்மே பத்தூர்' அக்கோலுக்குக் குறைகிறது. இவ்வளவுகோல் திரைப்படத்திற்கு மட்டும் உரியதன்று. ஒடுக்கப்பட்டோர் துயரைப் பாடநூலில் வைப்போரும், நாட்டுப்புற மக்களின் வழக்காறுகளைத் திரட்டி ஆய்வேடாக்குவோரும், தம் நூலில் இடம்பெற்றோர் அதனைப் படித்தால் தம்மைப் பற்றி என்ன கருதுவர் என ஒருமுறை வினவிக்கொள்ளுதல் நலம்.