நம் கடலா, எங்கள் கடலா?

கேட்கிறவனையும் சேர்த்துக்கொண்டு பேசினால் 'நாம்'. அவனை வெளியே நிறுத்திவிட்டுப் பேசினால் 'நாங்கள்'. தமிழ்க் குழந்தை இந்த வேற்றுமையைப் பள்ளிக்கூடம் போகுமுன்பே அறிந்துகொள்கிறது. பெரியவர்களாகிய நாம் பேச்சில் அதைப் பிழையாகச் சொல்வதில்லை. வாழ்க்கையில்தான் தடுமாறுகிறோம்.

லத்தீன் மொழியில் இந்த வசதி கிடையாது. மத்தியதரைக் கடலை ரோமானியர் 'மாரே நோஸ்ட்ரும்' என்றார்கள். அதைத் தமிழில் எழுத முற்பட்டபோது என் பேனா நின்றுவிட்டது. நம் கடல் என்று எழுதுவதா, எங்கள் கடல் என்று எழுதுவதா?

விடை தேடிச் சரித்திரத்தைப் புரட்டினேன். ஆயுதங்களையெல்லாம் ஒப்படைத்துவிட்ட கார்தேஜ் நகரத்தாரிடம், ஊரைக் காலி செய்துவிட்டுக் கடலிலிருந்து பத்து மைல் தள்ளிக் குடியேறும்படி ரோம் ஆணையிட்டது. கடலையே நம்பிப் பிழைத்தவர்கள் அதற்கு எப்படி உடன்படுவார்கள்? கி.மு. 146-இல் நகரம் எரிந்தது. உயிர் தப்பியவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். சந்தேகமே இல்லை, அது 'எங்கள் கடல்'தான்.

ஆயினும் அதே கடல் வேறொரு காட்சியையும் கண்டிருக்கிறது. 1492-இல் ஸ்பெயின் தன் யூதக் குடிகளை வெளியேற்றியது. துருக்கிய சுல்தான் இரண்டாம் பயாசித் அவர்களுக்கு இடம் கொடுத்தார். சலோனிகா துறைமுகத்தில் குடியேறியவர்கள், துரத்திய நாட்டின் மொழியையே நானூறு ஆண்டுகளுக்கு மேல் வீட்டில் பேசிவந்தார்கள். மனித மனத்தின் விசுவாசந்தான் எவ்வளவு விசித்திரமானது! 1943-இல் ஹிட்லரின் ஆட்கள் அவர்களை ரயிலேற்றி ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள்.

இடையே 1923-இல், கிரேக்கமும் துருக்கியும் ஒப்பந்தம் எழுதிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களை மாற்றிக்கொண்டன. மதம் ஒன்றே அளவுகோல். கிரேக்கம் பேசிய முஸ்லிம் துருக்கிக்குப் போனான். துருக்கி மொழி பேசிய கிறிஸ்தவன் கிரேக்கத்துக்குப் போனான். இருவரும் போய்ச் சேர்ந்த இடம் 'தாய்நாடு' என்று சொல்லப்பட்டது.

முசோலினியும் அந்த லத்தீன் சொல்லை எடுத்து முழங்கினான். பிறகு அது எதிர்பாராத இடத்தில் மறுபிறவி எடுத்தது. 2013 அக்டோபர் 3-ஆம் தேதி லாம்பெடூசா தீவுக்கருகே அகதிகளின் படகு ஒன்று கவிழ்ந்து முந்நூற்று அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் இத்தாலியக் கடற்படை தொடங்கிய மீட்புப் பணிக்கு வைத்த பெயர் 'மாரே நோஸ்ட்ரும்'! ஓராண்டுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கரை சேர்க்கப்பட்டார்கள். அந்த ஓராண்டில் அச்சொல்லை 'நம் கடல்' என்று கூசாமல் மொழிபெயர்க்கலாம்.

2014-இல் அந்தப் பணி நின்றது. செலவு அதிகம் என்றார்கள். காப்பாற்றினால் இன்னும் பலர் வருவார்கள் என்றும் வாதித்தார்கள். அந்த வாதத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். என் வீட்டுக்கும் கதவு இருக்கிறது, இரவில் தாழிடுகிறேன். யாரை எத்தனை நாள் வைத்துக்கொள்வது என்று யோசிக்க வீட்டுக்காரனுக்கு உரிமை உண்டு.

ஆனால் மூழ்குகிறவன் வாசலில் நிற்கவில்லையே! அவன் இருக்குமிடத்தில் கதவும் இல்லை, தாழும் இல்லை. ஆபத்தில் இருப்பவனுக்கு உதவ வேண்டும் என்பது மாலுமிகளின் பழைய தர்மம்; 1982-இன் சர்வதேசக் கடற்சட்டமும் அதையே விதிக்கிறது. கரையேறிய பின் அவனைத் திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா என்பது அரசியல். அதைப் பற்றி விவாதிக்கலாம். தண்ணீரில் தத்தளிப்பவனைப் பார்த்துக்கொண்டே விவாதிக்க முடியாது. ஒருவனைச் சாகவிட்டு மற்றவர்களுக்குப் பாடம் கற்பிக்க எந்தக் கரைக்கும் உரிமையில்லை.

2014-ஐ அடுத்த பத்தாண்டுகளில் 25,000-க்கும் மேற்பட்டோர் அந்தக் கடலில் மடிந்தோ காணாமலோ போயிருக்கிறார்கள்.

என் பேனா இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறது. 'நம் கடல்' என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் பொய்யாகிவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது.