மண்டையோடு சொல்லாதது

முதுகில் மனித மண்டையோடு போல ஒரு வெளிறிய குறி. தொட்டால் கீச்சென்று கத்தும். இந்த அந்துப்பூச்சி வீட்டுக்குள் நுழைந்தால் சாவு விழும் என்று ஐரோப்பாவில் நடுங்கினார்கள். பெயர் வைத்த அறிஞர்களையும் அந்த நடுக்கம் விடவில்லை போலும். 1758இல் லின்னேயஸ், உயிரின் இழையை அறுக்கும் கிரேக்கத் தேவதையின் பெயரால் ஒன்றை 'அட்ரோபாஸ்' என்றார். பின்னால் வந்தவர்கள் 'லாக்கெசிஸ்', 'ஸ்டிக்ஸ்' என்று அதே புராணத்திலேயே கைவைத்தார்கள்.

ஆக, இனங்கள் மூன்று. மூன்றின் முதுகிலும் மண்டையோடு இருக்கிறது! எது எந்த இனம் என்று கேட்டால் அது வாய் திறப்பதில்லை.

விடை மறைவிடங்களில் இருக்கிறது. பூச்சி உட்கார்ந்தால் முன்சிறகு பின்சிறகை மூடிவிடும். விரித்தால்தான் தெரியும்: ஸ்டிக்ஸின் பின்சிறகு மஞ்சள், குறுக்கே கரும்பட்டைகள், லாக்கெசிஸுக்குப் பின்சிறகின் அடிப்பகுதியே கறுப்பு, உடலும் பெரிது. அட்ரோபாஸையும் ஸ்டிக்ஸையும் பிரிக்க முன்சிறகின் அடிப்புறம் பார்க்க வேண்டும். முதலாவதற்கு நடுவே ஒரு பட்டை, மற்றதற்கு இரண்டு.

இதற்கெல்லாம் முன்பே பாதி வேலையை ஊர் முடித்துவிடும். அட்ரோபாஸ் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் உரியது. நம் எள்வயலில் புழுவாக மேய்ந்து வளர்ந்தது என்றால், மற்ற இரண்டில் ஒன்று. 1991இல் வந்த 'த சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' படத்தில் துப்பே இதுதான்: அமெரிக்கப் பிணத்தின் தொண்டையில் ஆசியாவின் ஸ்டிக்ஸ் கூட்டுப்புழு. யாரோ வளர்த்திருக்க வேண்டும். ஆனாலும் ஊரை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுத முடியாது. மேற்கு ஆசியாவில் அட்ரோபாஸும் ஸ்டிக்ஸும் ஒரே நிலத்தில் பறக்கின்றன. அங்கே சிறகைப் பார்த்தே ஆகவேண்டும்.

தேனீக்கள் மண்டையோட்டைச் சட்டை செய்வதே இல்லை. இருண்ட கூட்டில் அவை ஆளறிவது மணத்தால். தேன் திருடப் போகும் அட்ரோபாஸின் உடலில் தேனீயின் உடலில் உள்ளவற்றை ஒத்த கொழுப்பு அமிலங்கள் உண்டு. உள்ளே போய்க் குடித்துவிட்டு வருகிறது. தேனீ மூக்கால் ஏமாறுகிறது, நாம் கண்ணால். அந்தக் குறியில் நாம் இத்தனை நாளும் வாசித்தது நம் பயத்தைத்தான். பூச்சியின் கதையோ அதன் சிறகடியிலும் அது பிறந்த மண்ணிலும் எழுதியிருக்கிறது.

இதைக் கண்டால் முதுகைப் படமெடுத்ததோடு நிறுத்திவிடாதீர்கள். சற்றுக் கலவரப்பட்டால் தானே சிறகை உயர்த்தும். அப்போது பின்சிறகையும் அடிப்புறத்தையும் எடுத்துவிடுங்கள். கூடவே ஊர்ப்பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். கொன்று குண்டூசியில் குத்த வேண்டிய தேவையே இல்லை.