சம்பள வேலையும் சொந்த ஆர்வமும்

ஊழியரின் சொந்த ஆர்வத்துக்கு அலுவலக நேரத்தில் இடம் தர வேண்டுமா என்பது நிர்வாகக் கேள்வியாகத் தோன்றினாலும் அடிப்படையில் அறவியல் சார்ந்தது. வேறொன்றை அடைவதற்காகச் செய்யும் செயல், செயலின் பொருட்டே செய்யும் செயல் என அரிஸ்டாட்டில் இரண்டைப் பிரித்துக் காட்டினார். சம்பள வேலை பெரும்பாலும் முதல் வகை. மனித வாழ்வின் நிறைவை அவர் இரண்டாம் வகையில் கண்டார். எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று தத்துவஞானி கான்ட் 1785இல் வரையறுத்தார்.

நிறுவனங்கள் தரும் சுதந்திரத்தை இந்த அளவுகோல்களால் சோதிக்கலாம். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1948 முதல் தன் ஆய்வாளர்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைகளுக்குச் செலவிட அனுமதித்தது. 1980இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த போஸ்ட்-இட் தாள் அப்படி உருவானதுதான். கூகிள் நிறுவனர்கள் 2004இல் இதே வகையில் 20 சதவீதம் பற்றி எழுதினர். இவற்றில் தவறேதும் இல்லை. கருவியாகப் பயன்படுத்துவதையே கான்ட் தடுக்கவில்லை, கருவியாக மட்டும் பார்ப்பதைத்தான் தடுத்தார். ஆனால் இங்கே ஊக்குவிக்கப்படுவது நிறுவனத்துக்குப் பயன்தரக்கூடிய ஆர்வம். ஊழியர் ஒருவர் கவிதையிலோ வீணையிலோ தோய்ந்திருந்தால் இந்த ஏற்பாட்டில் அவருக்கு இடமில்லை.

சென்னைத் துறைமுக டிரஸ்டில் நடந்தது வேறு. 1912 மார்ச் மாதம் சீனிவாச ராமானுஜன் அங்கே 30 ரூபாய் மாதச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். எண்களின் இயல்பு பற்றிய அவருடைய ஆராய்ச்சியால் துறைமுகத்துக்கு ஒரு காசு லாபமில்லை. ஆயினும் கணிதம் அறிந்த தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் அவருடன் சேர்ந்து கணக்குப் போட்டார். டிரஸ்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், 1913 பிப்ரவரியில் சென்னை வந்த வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரிடம் ராமானுஜனின் நோட்டுகளைக் காட்டினார். வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். அதே ஆண்டு மே மாதம் முதல் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. அந்த உதவியின் பலன், குமாஸ்தா நாற்காலியிலிருந்து அவர் விடுபட்டதுதான். அலுவலகம் ஓர் ஊழியரை இழந்தது.

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்ற கீதையின் போதனை வழக்கமாக உழைப்பவரை நோக்கியே சொல்லப்படுகிறது. அதைக் காட்டி, கிடைத்த வேலையையே வழிபாடாகக் கொள்ளலாம், தனி ஆர்வம் எதற்கு என்றுகூட வாதிடுகிறார்கள். இது பாதி நியாயம்தான். பலன் கருதாமை வேலை கொடுப்பவரையும் கட்டுப்படுத்த வேண்டிய நெறி. நாராயண ஐயரும் ஸ்பிரிங்கும் நடந்துகொண்ட முறையில் அது தெரிகிறது.

ஆர்வத்துக்கு இடம் தருவதற்கு எல்லைகளும் உண்டு. ஒருவர் தன் ஆர்வத்தில் மூழ்க, அவருடைய கோப்புகளைப் பக்கத்து இருக்கைக்காரர் சுமப்பது அநீதி. ஆர்வத்தைக் காரணம் காட்டிச் சம்பளத்தைக் குறைப்பதும், ஊழியரின் இரவுகளையும் அலுவலகம் எடுத்துக்கொள்வதும் அதைவிடப் பெரிய அநீதி. தன் ஆர்வத்தை வெளியில் காட்டாமல் வைத்திருக்க விரும்புபவரை அப்படியே விட்டுவிடுவதும் மரியாதைதான்.