எழுத்து ஒன்று, ஆய்வகம் வேறு

தி.நகர் உஸ்மான் சாலையில் நிச்சயதார்த்த மோதிரத்துக்குக் கல் தேடும் குடும்பம் இரண்டு கடை ஏறி இறங்குகிறது. முதல் கடையில் ஐம்பது சென்ட் வைரம், நிறம் எஃப், தெளிவு விஎஸ்1. அடுத்த கடையிலும் அதே எடை, அதே எழுத்துகள்; விலை மட்டும் கணிசமாகக் குறைவு. முதல் கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று முடிவாகிவிடுகிறது. இரண்டு சான்றிதழும் வெவ்வேறு ஆய்வகங்களுடையவை என்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. எனக்கு அதுதான் கவலை. பெற்றோர் பல வருடம் சேர்த்த பணம் ஒற்றை எழுத்தை நம்பிக் கைமாறுகிறது.

டி-யில் தொடங்கி இசட் வரை போகும் நிற வரிசையை 1950-களில் வகுத்தது அமெரிக்காவின் ஜிஐஏ. மற்ற ஆய்வகங்களும் அந்த எழுத்துகளை எடுத்துக்கொண்டன. ஆனால் எந்தக் கல்லை எந்த எழுத்தில் நிறுத்துவது என்ற கண்டிப்பு இடத்துக்கு இடம் மாறும். எடையைத் தராசு சொல்லிவிடும். நிறத்தை மாதிரிக் கற்களோடு ஒப்பிட்டும், தெளிவைப் பத்து மடங்கு பெரிதாக்கியும் பழகிய கண்கள்தான் சொல்ல வேண்டும். அறிக்கை என்பது அந்தக் கண்களின் அபிப்பிராயம். வியாபாரிகளுக்கு இது நன்றாகவே தெரியும். ஈஜிஎல் என்ற ஆய்வகப் பெயரில் வந்த அறிக்கைகள் தாராளமாகத் தரம் போடுகின்றன என்ற புகார் முற்றியபோது, வைர வியாபாரிகளின் இணையச் சந்தையான ராப்நெட் 2014 அக்டோபரில் அவற்றைப் பட்டியலிலிருந்தே நீக்கியது.

இந்த அறிக்கைக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் கல்லை விற்பவர்தான் கட்டுகிறார், வாங்குபவர் அல்ல. நம் கடைகளில் அதிகம் கண்ணில் படும் ஐஜிஐ ஆய்வகம், 1975-ல் ஆண்ட்வெர்ப்பில் தொடங்கியது. 2023-ல் பிளாக்ஸ்டோன் முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது; 2024 டிசம்பரில் அதன் பங்குகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. ஜிஐஏ லாப நோக்கில்லாதது. அங்கும் வியாபாரிகள் பணம் கொடுத்துத் தரத்தை உயர்த்தினார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்து, உள்விசாரணைக்குப் பின் 2005-ல் நான்கு ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். இரண்டில் எது மேல் என்று கேட்டால், தனிக்கல்லுக்கு நான் ஜிஐஏ அறிக்கையையே கேட்பேன். பெயரை நம்பி மட்டும் கல்லைப் பார்க்காமல் வாங்க மாட்டேன்.

ஜிஐஏ உதிரிக் கல்லைத்தான் தரம் பார்க்கும். தங்கத்தில் பதித்த பிறகு விளிம்பில் உள்ள குறை மறையலாம். தங்கத்தின் மஞ்சள் கல்லிலும் ஏறித் தெரியும். அதனால்தான் பதித்த நகைகளின் அறிக்கையில் 'இ-எஃப், விவிஎஸ்' என்று வரம்பாகப் போடுகிறார்கள். ஏழுகல் தோட்டுக்கு அது போதும். விலையின் பெரும்பகுதி ஒரே கல்லில் அடங்கியிருக்கும் மோதிரத்துக்குப் போதாது.

மயிலாப்பூர்ப் பாட்டிமார் ஆசையாகச் சொல்லும் 'புளூ ஜாகர்' வைரத்தின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்திலிருந்து வந்த பெயர் அது; அந்தச் சுரங்கத்தை 1971-ல் மூடிவிட்டார்கள். புளூ ஜாகரின் நீலம் ஓடும் வெண்மைக்குப் பல கற்களில் காரணம் ஒளிர்வு: புறஊதாக் கதிர் பட்டதும் கல் நீலமாக ஒளிர்வது. வைரங்களின் இந்தக் குணத்தைப் பெங்களூரில் 1940-களில் ஆராய்ந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன். பாட்டி விரும்பி வாங்கிய அதே குணம் இன்றைய அறிக்கையில் 'ஒளிர்வு: கடும் நீலம்' என்று வருகிறது; உடனே விலையைக் குறைக்கிறார்கள். நீல ஒளிர்வு பொதுவாகத் தோற்றத்தைக் கெடுப்பதில்லை என்று 1997-ல் வெளியான ஜிஐஏ ஆய்வே சொல்லியிருக்கிறது. பழைய தோட்டைக் கொடுத்து மோதிரம் வாங்குபவர்கள் கல்லை வெயிலில் பார்க்காமல் அந்தக் குறைப்புக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. பார்த்த பிறகு கல் பால்போல மங்கலாகத் தெரிந்தால் அது வேறு விஷயம்.

தங்கத்துக்கு 2021 ஜூனிலிருந்து படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமாகிவிட்டது. நகையில் உள்ள ஆறு இலக்கக் குறியை பிஐஎஸ் கேர் செயலியில் நாமே சரிபார்க்கலாம். வைரத்தின் தரத்துக்கு அப்படி அரசு முத்திரை எதுவும் கட்டாயமில்லை. வரவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். வரும்வரை, ஆய்வகத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதே ஆய்வகத்தின் அறிக்கை உள்ள கற்களை மட்டும் கடைக்குக் கடை ஒப்பிடுங்கள். அறிக்கை எண்ணை ஆய்வகத்தின் இணையதளத்தில் பாருங்கள். கல்லின் விளிம்பில் லேசரால் அந்த எண் பொறித்திருந்தால், லூப் எனும் உருப்பெருக்கியைக் கடையில் வாங்கி நீங்களே படியுங்கள். ஆய்வகத்தின் பெயர், அறிக்கை எண், இயற்கை வைரமா ஆய்வகத்தில் வளர்த்ததா, திரும்பக் கொடுத்தால் என்ன விலை என்ற நான்கையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.