தேசம்தான் இடிக்கிறது

சுவாவில் ஒரு கோயில் அன்னதானம். சுவரில் வள்ளலார் படம். வரிசையில் இங்கே வேலை செய்யும் வங்காளதேசப் பையன்கள் நாலு பேர். "நம்ம ஆளுங்க மொதல்ல சாப்பிடட்டும்" என்றார் பக்கத்தில் நின்ற அண்ணன். கரண்டி என் கையில்தான் இருந்தது. நிறுத்திவிட்டேன்.

1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலார், பசித்தவரிடம் தேசம், சமயம், சாதி, செய்கை எதையும் விசாரிக்கக் கூடாது என்றார். அன்று மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. சாதியையும் சமயத்தையும் விடுவது எனக்குச் சுலபம். தேசம்தான் இடிக்கிறது. கப்பலில் வந்த நம் தாத்தாமாரும் இங்கே வெளியாட்கள்தானே என்று வாதாடலாம். ஆனா அதுவும் சோற்றுக்கு உறவு தேடுகிற வேலைதான். அவருக்குப் பசி ஒன்றே போதுமாக இருந்தது.

அன்று சோறு மிஞ்சியது. பையன்கள் அதற்குள் போயிருந்தார்கள்.