குளிர்சுரமும் திருநீலகண்டமும்



கொங்குநாட்டுத் திருச்செங்கோட்டில், பனிக்காலத்தில் தம்முடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது ஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்கிறது பெரியபுராணம். அந்த மண்ணின் வழமைதானே என்று அவர் விட்டுவிடவில்லை.

பிரான்காச்சோவில் நாமோ, "குளிருக்குத் தடிமன் வரத்தான் செய்யும்" என்கிறோம். யன்னல்களைப் பூட்டிக்கொண்டு ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிறோம். நமக்கு நாலு நாள் இருமல். அம்மம்மாவுக்கு அதுவே நியூமோனியாவாகலாம். தினமும் சிலதரம் யன்னலைத் திறவுங்கள். வேலையால் வந்தவுடன், கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதீர்கள். போனமுறை மிஞ்சிய அன்ரிபயோட்டிக் குளிசை வைரஸ் காய்ச்சலுக்கு உதவாது. இத்தாலியில் 60 வயதானவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும், 6 மாதம் முதல் 6 வயது வரையான பிள்ளைகளுக்கும் காய்ச்சல் தடுப்பூசி இலவசம். ஒக்டோபரிலேயே குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள். வைரஸ் உருமாறுவதால் ஒவ்வொரு வருடமும் போடவேண்டும்.

பதிகத்தையும் வீட்டில் பாடுங்கள். ஆனால் காய்ச்சலோடு வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வரவேண்டாம். மனம் கேளாதுதான், எனக்கும் கேட்பதில்லை. சம்பந்தர் பாடியது தமக்காக அல்ல, கூட வந்தவர்களுக்காக. சொல்லியனுப்பினால் திருநீறும் பிரசாதமும் உங்கள் வாசலுக்கு வரும்.